மூன்று காலில் எது எது?

சுங்கைப்பட்டாணியிலும் அலோர்ஸ்டாரிலும் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் கடைகள் இன்னும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கின்றன. கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் பேனாவால் எழுதிய எண். உள்ளே ஒரு துவரம்பருப்பு அளவில், கறுப்பாக, மூன்று கம்பிக் கால்களோடு டிரான்சிஸ்டர்கள். பெரும்பாலும் ஜப்பான் எண்கள்தான் இருக்கும். நம் தோட்டத்து லயங்களில் பாடிய ரேடியோவும், கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயரும், பிறகு வந்த கேசட் பெட்டியும் ஏறக்குறைய எல்லாமே ஜப்பான் சரக்கு. பழுதுபார்க்கிறவர் எதைக் கழற்றினாரோ அதையே வாங்கி அடுக்கி வைத்தார்.

சொந்தமாகக் கிட்டார் பெடல் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு முதல் வம்பு இந்த இழுப்பறையில்தான் தொடங்குகிறது. அவர்கள் கையில் இருக்கும் வரைபடம் அமெரிக்கக்காரர் போட்டது, இல்லையென்றால் ஆங்கிலேயர் போட்டது. கடையில் கிடைப்பது ஜப்பான்காரர் செய்தது. மூன்று நாட்டு டிரான்சிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆனால் கால்களின் வரிசை வேறு வேறு.

பெடல் என்றால் என்னவென்று கேட்கும் பெற்றோருக்காக ஒரு வார்த்தை. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில், வாசிப்பவரின் காலடியில் கிடக்கும் சின்னத் தகரப் பெட்டி அது. காலால் ஒரு மிதி மிதித்தால் கிட்டாரின் குரல் மாறும். அவற்றில் மூத்தது, செய்வதற்கும் எளியது, ஃபஸ் என்ற வகை. தந்தியின் சன்னமான ஒலியை அளவுக்கு மீறிப் பெருக்கி, அலையின் தலையையும் அடியையும் நறுக்கிவிடும். அதனால் ஒலி தடித்து, கரகரத்து, நாதஸ்வரத்துக்குக் கோபம் வந்தது போல இருக்கும்.

இந்தச் சத்தம் பிறந்ததே ஒரு பழுதில்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் ஒலிப்பதிவு நடந்தபோது, ஒலிக்கலவைக் கருவியில் ஒரு பகுதி கெட்டுப்போய் கிட்டார் ஒலி கிழிந்து பதிவானது. அதை அழிக்காமல் 1961இல் அப்படியே வெளியிட்டார்கள். பாட்டு ஓடியது. அந்தக் கிழிசலை வேண்டும்போது வரவழைக்க, 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதை உலகத்தின் காதில் போட்டது. 1966இல் லண்டனில் அர்பிட்டர் நிறுவனம் வட்டமான ஃபஸ் ஃபேஸ் பெடலைக் கொண்டுவந்தது. இந்தப் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போன பிறகு மலாயா முழுக்கக் கிட்டார் குழுக்கள் முளைத்தன. பாப் யே யே அலை அதில் பிறந்ததுதான். பினாங்கிலிருந்து டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் எல்லிகேட்ஸ் குழுவோடு நாடு முழுக்கப் புகழ் பெற்றதும் அதற்கு அடுத்த தலைமுறைக் கதை. இன்று கெடாவில் தீபாவளிக் கலைநிகழ்ச்சியிலோ கல்யாண விருந்திலோ மேடையேறும் இளைஞர் குழுவில் ஒரு மின்கிட்டாராவது இருக்கிறது.

நல்ல பெடல் ஒன்று சில நூறு வெள்ளி. ஃபஸ் ஃபேஸின் உள்ளே இருப்பதோ இரண்டு டிரான்சிஸ்டர், நான்கைந்து ரெசிஸ்டர், மூன்று கப்பாசிட்டர், திருகும் குமிழ் இரண்டு. பெட்டி, மிதிக்கும் சுவிட்ச் எல்லாம் சேர்த்தாலும் ஐம்பது அறுபது வெள்ளிக்குள் அடக்கிவிடலாம். ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் பிள்ளைகள் கை வைக்கவும் பயமில்லை.

ஆனால் பழுதிலிருந்து பிறந்த ஒலி என்பதால் இதில் ஒரு தொல்லை உண்டு. புதிதாகச் செய்பவனுக்கு, வேண்டிய கெட்ட சத்தம் எது, வேண்டாத கெட்ட சத்தம் எது என்று தெரியாது. ரேடியோ பாடவில்லை என்றால் தெரிந்துவிடும். ஃபஸ் நோஞ்சானாக, விட்டுவிட்டுத் துப்பினால், "இது இப்படித்தான் போல" என்று நினைத்துக்கொள்வான்.

பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் என்னிடம் வந்தான். நான் தொழிற்சாலையில் டெக்னீஷியன்; சனிக்கிழமை மாலைகளில் வீட்டுக் கார் கொட்டகையில் பெடல்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்தவன். கூலிம் ஹைடெக் பார்க்கில் உள்ள துவாங்கு சுல்தானா பாஹியா போலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தான். அதற்கு முன்னால் கை பழகட்டும் என்று ஃபஸ் பெடல் செய்யப் பார்த்திருக்கிறான். வால்யூமை முழுக்கத் திறந்தாலும் கொசு முனகுவது போல ஒரு சத்தம். பேட்டரி மாற்றினான், கப்பாசிட்டர் மாற்றினான், ஜாக்கை இரண்டு முறை கழற்றிப் பற்றவைத்தான். "டிரான்சிஸ்டரைத் திருப்பிப் போடு" என்று நண்பன் சொல்ல, அதையும் செய்தான். ஒன்றும் ஆகவில்லை.

"எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராதுண்ணே. பாரம் அனுப்பப் போறதில்ல. அப்பா கூடவே லோரிக்குப் போயிடறேன்," என்றான்.

லோரி ஓட்டுவது ஒன்றும் தாழ்ந்த வேலையல்ல. ஆனால் ஒருவன் தனக்கு எது வரும் எது வராது என்பதை, இருபது காசு பெறாத ஒரு சாமானின் காலை வைத்து முடிவு செய்யக்கூடாது அல்லவா? போர்டைப் பார்த்தேன். வேலை சுத்தம். ஈயம் பளபளவென்று பிடித்திருந்தது. வரைபடம் கேட்டது 2என்3904 என்ற அமெரிக்க எண். போர்டில் இருந்தது சி1815. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கொடுத்திருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டும் சிலிக்கான், இரண்டும் ஒரே இனம், பெருக்கும் திறனிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போடலாம்தான். கால் வரிசை மட்டும் வேறு.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று பெயர். தமிழில் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்று எழுதுகிறார்கள். எமிட்டர் மின்துகள்களை உமிழ்கிறது, கலெக்டர் வாங்கிக்கொள்கிறது. நடுவில் பேஸ் வாய்க்கால் மடை மாதிரி. அங்கே கொடுக்கும் சின்ன மின்னோட்டம், மற்ற இரண்டுக்கும் இடையே ஓடும் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. பேஸ் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டைனும் செய்த முதல் டிரான்சிஸ்டரில், ஒரு ஜெர்மானியத் துண்டின் மேல் இரண்டு தங்க முனைகள் தொட்டுக்கொண்டு நின்றன. அடியில் கிடந்த துண்டுதான் பேஸ். இன்றைய டிரான்சிஸ்டரில் அது அடியில் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இனி வரிசை. டிரான்சிஸ்டரின் ஒரு பக்கம் தட்டையாக, எண் அச்சிட்டு இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே தொங்கப் பிடித்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக எண்ணினால், அமெரிக்க 2என்3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பெடல்காரர்கள் விரும்பும் 2என்5088இலும் அதே வரிசை. ஐரோப்பாவின் பிசி547, 548, 549 மூன்றிலும் கலெக்டர், பேஸ், எமிட்டர். அதாவது நேர் தலைகீழ். ஜப்பானின் 2எஸ்சி1815, 2எஸ்சி945 இரண்டிலும் எமிட்டர், கலெக்டர், பேஸ். பேஸ் ஓரத்துக்குப் போய்விட்டது. நண்பன் சொன்னபடி திருப்பிப் போட்டும் பையனுக்குச் சரிவராதது இதனால்தான். பிசி547 என்றால் அரைவட்டம் திருப்பினால் அமெரிக்க ஓட்டைகளில் சரியாக உட்காரும். ஜப்பான்காரரை எத்தனை முறை திருப்பினாலும் பேஸ் நடுவுக்கு வராது.

எண்ணைப் பார்த்தே நாட்டைச் சொல்லிவிடலாம். 2என் என்று தொடங்கினால் அமெரிக்க முறை. பிசி என்றால் ஐரோப்பிய முறை. அதில் முதல் எழுத்து பி என்றால் சிலிக்கான், ஏ என்றால் ஜெர்மானியம், இரண்டாவது எழுத்து சி என்றால் ஒலிக்கான சிறிய டிரான்சிஸ்டர். ஜப்பானியர் 2எஸ் என்பதை உடம்பில் அச்சிடாமல் விட்டுவிடுவார்கள். சி1815 என்று மட்டுமே இருக்கும். கடைசியில் வரும் எழுத்து பெருக்கும் திறனின் வகுப்பு. பிசி547இன் பி வகுப்பு 200 முதல் 450 வரை, சி வகுப்பு 420 முதல் 800 வரை. ஆக, எண் இவ்வளவு சொல்கிறது. கால் வரிசையை மட்டும் சொல்வதில்லை. ஒரே எண்ணே ஏமாற்றுவதும் உண்டு. பிஎன்2222 என்ற டிரான்சிஸ்டரில் எமிட்டர் இடது ஓரம்; பி2என்2222 என்பதில் கலெக்டர் இடது ஓரம். கண்ணாடி போட்டுப் படித்தாலும் அந்த ஒரு எழுத்து தப்பிவிடும்.

ஏன் இப்படி ஆளுக்கொரு வரிசை? இதற்கு நான் கேட்டதிலேயே தெளிவான பதிலைச் சொன்னவர் எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா. பையனும் நானும் கொட்டகையில் பேசிக்கொண்டிருந்தபோது கறிவேப்பிலை கேட்டு வந்தார். மேசையில் கிடந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குத்தான் தம்பி நான் இருபது வருஷம் கம்பி ஒட்டினேன்," என்றார்.

அவர் பிறந்தது பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் வெட்டியவர். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது. இன்டெல், ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி என்று பெரிய பெயர்கள் வந்து இறங்கின. அவற்றுக்கும் பிறையிலிருந்த தொழிற்சாலைகளுக்கும் ஆள் தேடி பஸ்கள் கெடாவின் தோட்டங்கள் வரை வந்தன. அக்கா அந்த பஸ்ஸில் ஏறியது எண்பதுகளின் தொடக்கத்தில். பினாங்குப் பாலம் திறந்த 1985 வரைக்கும் பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்துத்தான் தீவுக்குப் போனாராம். வேலை, நுண்ணோக்கிக்குள் பார்த்தபடி தங்கக் கம்பி ஒட்டுவது. ஆங்கிலத்தில் அதற்கு வயர் பாண்டிங் என்று பெயர்.

அவர் ஒரு பழைய மின்கட்டண உறையின் பின்னால் வரைந்து காட்டினார். கால்கள் முதலில் தனித்தனிக் கால்களாக இருப்பதில்லை. ஒரு நீண்ட உலோகப் பட்டையில் சீப்புப் பல் போல வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். லீட் ஃபிரேம் என்பார்கள். மூன்று பல் ஒரு டிரான்சிஸ்டர். அதில் ஒரு பல்லின் தலை மட்டும் சின்ன மேடையாக அகன்றிருக்கும். எள்ளை விடச் சிறிய சிலிக்கான் சில்லை அந்த மேடையில் ஒட்டுவார்கள். சில்லின் அடிப்பக்கம்தான் கலெக்டர். ஆகவே மேடை எந்தக் காலோ அதுவே கலெக்டர். சில்லின் மேல்பக்கத்தில் பேஸுக்கு ஒரு புள்ளி, எமிட்டருக்கு ஒரு புள்ளி. அந்த இரண்டு புள்ளிகளிலிருந்து மற்ற இரண்டு கால்களுக்குத் தலைமுடியை விட மெல்லிய கம்பி இழுப்பதுதான் அக்காவின் வேலை. பிறகு கறுப்புப் பிசினை ஊற்றி மூடி, பட்டையிலிருந்து வெட்டி எடுத்துச் சோதித்துப் பெட்டியில் போடுவார்கள்.

மேடையை நடுப் பல்லில் வைத்தால் கலெக்டர் நடுவில் வரும். ஜப்பானியர் அப்படி வைத்தார்கள். ஓரத்துப் பல்லில் வைத்தால் ஓரத்தில் வரும். வெளி உடம்பின் அளவுக்கு உலகப் பொதுவான தரம் உண்டு. உள்ளே எந்தக் கால் எது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் சௌகரியப்படி வைத்துக்கொண்டது. பெரிய ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர்களில் முதுகில் ஒரு உலோகத் தகடு இருக்குமே, அதுவும் இந்த மேடையின் நீட்சிதான். அதனால் அந்தத் தகடு பெரும்பாலும் கலெக்டரோடு இணைந்திருக்கும். சூடு இறங்குவது அந்த வழியாகத்தான்.

பையன் உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, அப்ப எது எந்தக் கால்னு நீங்க பார்த்தே சொல்லிடுவீங்களா?"

"மூடினப்புறம் யாரு கண்டா? அளந்துதான் பார்க்கணும். கடைசியில டெஸ்ட்டுல இருக்கிற பிள்ளைங்களும் அளந்துதானே அனுப்புவாங்க."

அளப்பது பெரிய வித்தையல்ல. முப்பது வெள்ளி மல்டிமீட்டர் போதும். அதில் டையோடு சின்னம் போட்ட இடத்துக்குக் குமிழைத் திருப்புங்கள். ஒரு டிரான்சிஸ்டருக்குள் பேஸிலிருந்து எமிட்டருக்கு ஒரு டையோடு, பேஸிலிருந்து கலெக்டருக்கு ஒரு டையோடு என்று மீட்டருக்குத் தெரியும். ஆகவே எந்தக் காலில் ஒரு முனையை வைத்தால் மற்ற இரண்டு கால்களிலும் எண் வருகிறதோ, அதுதான் பேஸ். பேஸில் இருப்பது சிவப்பு முனை என்றால் அது என்பிஎன் இனம். கறுப்பு முனை என்றால் பிஎன்பி இனம். எண் 0.6க்கும் 0.7க்கும் இடையில் வந்தால் சிலிக்கான், 0.2, 0.3 என்று வந்தால் பழைய ஜெர்மானியம். இரண்டு பக்கமும் எண்ணே வராவிட்டாலும், எப்படி மாற்றி வைத்தாலும் எண் வந்தாலும் சரக்கு கெட்டது.

அடுத்து எமிட்டரையும் கலெக்டரையும் பிரிக்க வேண்டும். இங்கே கொஞ்சம் பொறுமை தேவை. பேஸிலிருந்து எமிட்டருக்கு வரும் எண், கலெக்டருக்கு வரும் எண்ணை விட மயிரிழை அதிகமாக இருக்கும். ஒன்று 0.672 என்றால் மற்றது 0.668. எமிட்டர் பகுதியில் அடர்த்தியாகக் கலப்புப் பொருள் சேர்த்திருப்பதால் இந்த வித்தியாசம். ஆனால் டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டு அளந்தால் கணக்கு கெட்டது. ஒரு டிகிரி சூடு ஏறினால் எண் சுமார் 0.002 இறங்கும். உங்கள் கைச்சூடே முடிவை மாற்றிவிடும். முதலைவாய்க் கவ்வியில் மாட்டி, ஒரு நிமிடம் ஆறவிட்டு அளக்க வேண்டும்.

இதை விட நல்ல வழி, மலிவு மீட்டர்களிலும் இருக்கும் வட்டமான டிரான்சிஸ்டர் சாக்கெட். பேஸ் தெரிந்துவிட்டது, இனமும் தெரிந்துவிட்டது. மற்ற இரண்டு கால்களை ஒரு முறை ஒரு விதமாகவும், இன்னொரு முறை மாற்றியும் செருகுங்கள். சரியான விதத்தில் 200, 300 என்று பெரிய எண் காட்டும். தவறான விதத்தில் மிகச் சிறிய எண்தான் வரும். எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறினாலும் டிரான்சிஸ்டர் செத்துவிடாது; மிகக் குறைவாகப் பெருக்கும், அவ்வளவுதான். பிசி547ஐத் திருப்பாமல் அமெரிக்க வரைபடத்தில் போட்டவரின் பெடல் முழுக்க ஊமையாகாமல் நோஞ்சானாகப் பாடுவதன் ரகசியம் இது. பெடல் ஏதோ பேசுவதால், டிரான்சிஸ்டர் சரியென்று நினைத்து ஆள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

ஊசி ஆடும் பழைய மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாத்தாவோ மாமாவோ விட்டுப்போன மீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. நல்ல சாமான், எறிந்துவிடாதீர்கள். ஆனால் அந்த வகையில் பெரும்பாலானவற்றை ஓம் அளக்கும் இடத்தில் வைத்தால் கறுப்பு முனையில்தான் நேர்மின்னழுத்தம் வரும். டிஜிட்டல் மீட்டருக்கு நேர் எதிர். அதை அறியாமல் அளந்தால் என்பிஎன் எல்லாம் பிஎன்பியாகத் தெரியும். எண் தெரிந்த ஒரு நல்ல டையோடை முதலில் வைத்துப் பார்த்தால் உங்கள் மீட்டர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

பையனையே அளக்கச் சொன்னேன். முதலில் பேஸ் ஓரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தான். சாக்கெட்டில் செருகினான், ஒரு விதத்தில் ஒரு பிடி எண், மறு விதத்தில் 240 சொச்சம். நடுக்கால்தான் கலெக்டர். தன் போர்டைப் பார்த்தான், வரைபடத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நடுக்காலையும் ஓரக்காலையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வளைத்து, தொட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரு காலில் மெல்லிய ஒயரின் தோலை உருவிப் போட்டான். ஒரு கால் மணி நேரம்.

மிதித்தான். கார் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

அக்கா காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்கா இம்புட்டுப் பாடு? சின்ன வயசுல எங்க தோட்டத்து ரேடியோ பேட்டரி தீர்ந்தா இப்படித்தான் கத்தும்," என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பேட்டரி தளர்ந்தால் ஃபஸ் பெடலின் குரலும் மாறும். அந்தக் குரலுக்காகவே தேய்ந்த பேட்டரியைத் தேடிப் போடுகிற கிட்டார்காரர்கள் உண்டு.

தன் கம்பியை முப்பது வருடத்தில் யாரும் வீட்டில் கேட்டதில்லை என்றும் அன்று சொன்னார். பிள்ளைகளுக்கு அம்மா "ஃபேக்டரிக்குப் போறாங்க" என்பது மட்டும் தெரியும். என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அந்த வேலையை மனிதக் கண் செய்வதில்லை. இயந்திரம் ஒரு நொடியில் பல கம்பிகளை ஒட்டிவிட்டுப் போகிறது. தொழிலும் கெடாவுக்கே நகர்ந்து வந்திருக்கிறது. 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்கில் சில்டெராவும் இன்ஃபினியனும் சில்லுகளையே உருவாக்குகின்றன. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் அங்கே சிலிக்கான் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. நம் பிள்ளைகள் அந்த வாயில்களில் வேலைக்கு நிற்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க, பல வீடுகளில் ஒரு அக்காவோ அத்தையோ இருக்கிறார்.

பையன் பாரத்தை அனுப்பினான். இடம் கிடைக்குமா என்பது இதை எழுதும்போது தெரியவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். டிரான்சிஸ்டரை நேராகப் பற்றவைக்காதீர்கள். மூன்று ஓட்டை உள்ள சாக்கெட்டைப் பற்றவைத்து, அதில் செருகுங்கள். வரிசை தவறினால் பிடுங்கி மாற்றலாம். நான்கைந்து டிரான்சிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டு எது இனிமை என்று கேட்டும் பார்க்கலாம். பிசி108 போன்ற தகரத் தொப்பி போட்ட பழைய வகை கிடைத்தால், தொப்பியின் விளிம்பில் சின்ன மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கால்கள் உங்களைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடியுங்கள். மூக்குக்குப் பக்கத்துக் கால் எமிட்டர். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் பேஸ், கலெக்டர்.

முதல் ஃபஸ் ஃபேஸ்களில் இருந்த ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களுக்காக இன்றும் அலைகிறவர்கள் உண்டு. குரல் மென்மையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஜெர்மானியம் வெயிலுக்கு ஆகாத சாதி. சூடு ஏற ஏற உள்ளே மின்சாரம் கசியும். பெருக்கும் திறனும் மீட்டரில் பொய்யாகக் கூடிக் காட்டும். குளிர்நாட்டு மேடையிலேயே தகராறு செய்யும் ஒன்றை, நம் ஊர்ப் பந்தலில் மத்தியானம் இரண்டு மணிக்கு நம்பி மிதிக்க முடியாது. அதோடு அந்தப் பழைய வகைகள் பிஎன்பி. பேட்டரியின் நேர்முனை தரைக்குப் போகும். மற்ற பெடல்களோடு ஒரே மின்சாரப் பெட்டியில் மாட்டினால் ஒன்றையொன்று குறுக்கே இழுத்துவிடும். என் ஓட்டு சிலிக்கானுக்கு.

எல்லாம் செருகிய பிறகு, கிட்டாரை மாட்டும் முன் மீட்டரை வோல்ட்டுக்குத் திருப்பி, கறுப்பு முனையைத் தரையில் வைத்து அளந்துவிடுங்கள். சிலிக்கான் ஃபஸ் ஃபேஸில் முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் 0.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இரண்டாவதின் கலெக்டரில் பேட்டரியில் பாதி, அதாவது 4.5 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. எந்த டிரான்சிஸ்டரிலாவது பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மேலே போகாதீர்கள். கால் மாறியிருக்கிறது, அல்லது சரக்கு போய்விட்டது.

பையன் இப்போது அடுத்த பெடலுக்கு ஜே201 என்ற சாமானைக் கொண்டுவந்திருக்கிறான். அதுவும் மூன்று கால், அதே கறுப்பு உடம்பு. ஆனால் டிரான்சிஸ்டரிலேயே வேறு குடும்பம்: தட்டைப் பக்கத்திலிருந்து டிரெயின், சோர்ஸ், கேட். மீட்டரில் கேட்டைக் கண்டுபிடிக்கலாம், பேஸைக் கண்டுபிடித்த அதே முறையில். டிரெயினையும் சோர்ஸையும் பிரிக்க மீட்டரால் முடியாது. உள்ளே இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அந்த இரண்டும் இடம் மாறினாலும் பெரும்பாலும் பெடல் பாடிவிடும்.